பிறவிக் குறை

வலித்தது வலது தோள். ஆனால் டாக்டர் ஆனந்தமேரி இரண்டு கைகளையும் அளந்தார். தோள்முனையில் டேப்பின் நுனியை அழுத்தி முழங்கை வரை இழுத்தார், பிறகு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. வலது, இடது, மறுபடியும் வலது. மகேஸ்வரி தன்னையறியாமல் ஜாக்கெட்டின் இடது கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். யார் பார்த்தாலும் அவளுடைய விரல்கள் அந்த வேலையைச் செய்துவிடும். அந்தக் கை மட்டும் துணி கம்மியாகத்தான் பிடிக்கும் என்று தையல்காரர்கள் அளவெடுக்கும்போதே சொல்லிவிடுவார்கள்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"பூ மார்க்கெட்ல கடை டாக்டர். மூட்டை தூக்குறது, எறக்குறது எல்லாம் நாந்தான்."

"எல்லாத்தையும் ஒரே கையால தூக்கியிருக்கீங்க. அதான் அந்தத் தோள் தேஞ்சுபோயிருக்கு."

"இடது கை பிறவியிலயே குட்டை டாக்டர்." பேரைக் கேட்டால் பேரைச் சொல்வதுபோல அந்த வாக்கியம் அவள் வாயில் வந்துவிட்டது.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு முன்னால் மாட்டினார். "பிறவின்னு யாரு சொன்னா?"

"வீட்ல."

"எல்லா மனுசருக்கும் ரெண்டு கையும் ஒரே நீளம் கிடையாது. எனக்கும் கிடையாது. வலது கைப் பழக்கம் உள்ளவங்களுக்குப் பெரும்பாலும் வலது மேல்கை எலும்பு ஒரு சில மில்லிமீட்டர் கூடுதலா இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. உங்களுக்கு ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம். அதுவும் மேல்கையில மட்டுந்தான். முன்கை ரெண்டும் சரியா இருக்கு." பேனாவின் முனையால் தோளுக்குக் கீழே ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்த எலும்பு நீளமா வளர்றது பெரும்பாலும் இந்த இடத்துலதான். தென்னைக்குக் குருத்து மாதிரி. இங்க பாருங்க, பழைய முறிவு கோணலா ஒட்டியிருக்கு. குருத்து நசுங்கிப்போச்சு. வித்தியாசத்தை வச்சுப் பாத்தா ஆறு ஏழு வயசுல நடந்திருக்கணும். விழுந்தீங்களா? யாராவது புடிச்சு முறுக்குனாங்களா?"

"படத்துல தெரியாதா?"

"எப்ப வளர்ச்சி நின்னுச்சுன்னு எலும்பு சொல்லும். யாரால நின்னுச்சுன்னு சொல்லாது."

 மருந்துச் சீட்டையும் படத்தையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் ஷேர் ஆட்டோக்காரர் இரண்டு முறை கூப்பிட்டும் ஏறாமல் நின்றாள். அவள் சொல்லாமலேயே, அழாமலேயே, சத்தியம் செய்யாமலேயே ஒருவர் அதை அறிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

அவளுக்கு ஒன்றும் மறந்திருக்கவில்லை. நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் தாத்தாவின் மல்லிகைத் தோட்டம். பெருமாள்சாமி அவளுடைய அம்மாவின் ஒரே தம்பி. அப்போது பதினைந்து வயதிருக்கும். மோட்டாரைப் போட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போய்விட்டான். தண்ணீர் நிரம்பி வழிந்து ஒரு பாத்தி முழுக்க அழுகியது. யார் மோட்டாரைப் போட்டது என்று தாத்தா கேட்டபோது, ஆறு வயது மகேஸ்வரி பார்த்ததைச் சொன்னாள். மறுநாள் மோட்டார் ரூமுக்குள் அவன் அவளுடைய இடது கையைப் பின்னால் கொண்டுபோய் மேல்நோக்கி முறுக்கினான். "இனிமே சொல்லுவியா?" சொல்ல மாட்டேன் என்றாள். அவனுக்குக் கேட்கவில்லையா, கேட்டும் விடவில்லையா, தெரியாது. "சொல்லுவியா?" என்று இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றினான். அவள் "சொல்ல மாட்டேன் மாமா" என்று கத்திக்கொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் ஏதோ ஒடியும் சத்தம் கேட்டது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தும் கேட்டது.

வரப்பில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவன் சொன்னான். வீக்கத்துக்கு எண்ணெய் போட்டு நீவி, பத்துப் போட்டுக் கட்டினார்கள். மாமாதான் முறுக்கினார் என்று அம்மாவிடம் ஒரே ஒருமுறை சொன்னாள். அம்மா கன்னத்தில் அறைந்தாள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். வீக்கம் வற்றியது, வலி போனது, எல்லாரும் மறந்தார்கள். பிறகு ஒவ்வொரு வருடமும் வலது கை வளர்ந்தது. இடது கை முழங்கைக்கு மேலே வளராமல் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் வரிசையில் விறைப்பாக நிற்கச் சொன்னால் அவளுடைய இடது கை விரல்கள் வலது கை விரல்கள் அளவுக்கு இறங்காமல் மேலேயே நின்றுவிடும். அப்போது வீட்டில் யாருக்கும் அந்தப் பழைய வீக்கம் நினைவில் இல்லை. "பொறக்கையிலயே அப்படித்தான் இருந்திருக்கும். வளர வளரத்தான் தெரியுது" என்று முதலில் சொன்னவன் பெருமாள்சாமி. அதுவே ஊர்ப்பேச்சானது.

அதையும் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது அம்மா முறைப்படி தம்பிக்கே அவளைக் கட்டிவைக்கக் கேட்டாள். கோயில் மண்டபத்தில் உறவுக்காரர்கள் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெருமாள்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னான்: "பிறவிக் குறை அக்கா. பொறக்குறதும் இப்படிப் பொறந்தா நான் என்ன செய்ய? ரெண்டு கையும் சமமா இருக்கிற பிள்ளையாப் பாத்துக்கிறேன்." சொல்லும்போது அவன் மகேஸ்வரியின் முகத்தைத்தான் பார்த்தான். அவளுக்கு நினைவிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னான். அவனைக் கட்டிக்கொள்ளும் ஆசை அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அவன் கேட்டிருந்தால் அவளே மறுத்திருப்பாள். மறுக்கிற இடத்தில் அவன் உட்கார்ந்ததுதான் அவளுக்கு ஆறவில்லை.

அதற்குப் பிறகு வந்த சம்பந்தங்களெல்லாம் அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு வந்தவை, அல்லது கேட்டதும் திரும்பிப்போனவை. அம்மா இறந்தாள். அப்பாவோடு சேர்ந்து திண்டுக்கல்லில் பூக்கடை பார்த்தாள். அப்பாவும் போனபிறகு கடை அவளுடையதானது. வாடகை வீடு, விடியலில் மார்க்கெட், மதியத்துக்குமேல் தூக்கம். பெருமாள்சாமி, அன்று மண்டபத்தில் உட்கார்ந்திருந்த உறவுக்காரப் பெண்களில் ஒருத்தியான பொன்னழகைக் கட்டி, தோட்டத்தை விரித்து, ஊரில் நாலு பேர் யோசனை கேட்கும் ஆளானான். நடுவில் ஒருமுறை பைக்கிலிருந்து விழுந்து அவனுக்குக் கால் முறிந்தது என்று சேதி வந்தது. கால்தானா என்று மகேஸ்வரி கேட்டாள். சேதி சொன்னவர் அதை அக்கறை என்று நினைத்துக்கொண்டார்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பதினைந்து நாட்களுக்குள் ஒரு காலையில், பட்டுச்சேலை கட்டிய அம்மாள் ஒருவர் கடைக்கு முன்னால் வந்து நின்றார். மல்லிகை விலை கேட்டார். பிச்சி விலை கேட்டார். வாங்குகிற ஆள் பேசும் பேச்சாக அது இல்லை.

"ஏனுங்கம்மா, நெலக்கோட்டப் பக்கம் பெருமாள்சாமின்னு, பூத்தோட்டக்காரருங்க. உங்களுக்குச் சொந்தம்னாங்க."

"எங்க மாமா. அம்மாகூடப் பொறந்தவரு."

"அவுங்க பொண்ணு பவித்ராவ எங்க பையனுக்குப் பேசிட்டு இருக்கறமுங்க. எங்களுக்கு ஒட்டன்சத்திரமுங்க. பையனுக்கும் பிடிச்சுப்போச்சு. இருந்தாலும் நாலு எடத்துல விசாரிக்கோணுமில்லைங்க."

பவித்ராவை மகேஸ்வரி அதிகம் பார்த்ததில்லை. கல்யாண வீடுகளில் ஓடிவந்து, "மதினி, நல்லாருக்கீங்களா" என்று கையைப் பிடித்துக்கொள்ளும் பெண். எந்தக் கை என்று பார்க்காமல் பிடிப்பாள். அது மகேஸ்வரிக்கு ஞாபகம் வந்தது. வந்தும், அவள் ஜாக்கெட்டின் இடது கையை மேலே சுருட்டிவிட்டுக்கொண்டாள். அத்தனை வருடத்தில் கடையில் அவள் அப்படிச் செய்ததில்லை. இடது கையாலேயே பூவை அள்ளித் தராசில் போட்டாள். தட்டுக்கு எட்டாமல், உடம்பை முன்னால் சாய்த்துப் போட வேண்டியிருந்தது. அந்த அம்மாளின் கண் கையில் நிலைகுத்துவதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு கை பூ அள்ளினாள்.

"கையில என்னங்கம்மா? அடி கிடி பட்டுதுங்களா?"

"இல்லங்க. பிறவிக் குறை. பொறக்குறதும் இப்படியே பொறக்கும்னு மாமாதான் சொல்லுவாரு."

அந்த அம்மாள் பூவை வாங்காமலேயே போனார். மகேஸ்வரி சுருட்டிய கையை இறக்கிவிடவில்லை. அன்று முழுக்க அப்படியே வியாபாரம் பார்த்தாள்.

அடுத்த வாரமே பெருமாள்சாமி வந்தார். அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு அவர் அவளைத் தேடி வந்தது இதுதான் முதல் தடவை. மீசை நரைத்திருந்தது. மார்க்கெட்டில் தெரிந்தவர்கள் கும்பிடும்போதெல்லாம் சிரித்தார். சாக்கு மேல் உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தார்.

"ஏத்தா மகேசு, ஒடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கேன் மாமா."

"பவித்ராவுக்கு ஒரு நல்ல எடம் வந்திருக்கு. எல்லாம் கூடி வர்ற நேரத்துல அவுக ஒரு சந்தேகம் கேக்குறாக." அவர் தொண்டையைச் செருமினார். "ஒன் கையைப் பத்தி. வம்சத்துல வர்ற குறையான்னு."

"பிறவின்னு நீங்கதானே மாமா சொன்னீக."

"அது அப்ப ஏதோ விவரமில்லாம சொன்னது. வெள்ளிக்கிழம பூ வைக்க வாராக. நீ செத்த நேரம் வந்து, சின்ன வயசுல விழுந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிரு. பொம்பளப் பிள்ள வாழ்க்க."

"நானும் பொம்பளப் பிள்ளதான மாமா."

அவர் பூக்கூடையைப் பார்த்தார். ஒரு மொட்டை எடுத்து நசுக்கினார். மன்னிப்புக் கேட்பார் என்று அந்த ஒரு கணம் அவள் எதிர்பார்த்தாள். அங்கேயே, சாக்கு மேல் உட்கார்ந்தபடி, மெதுவாகக் கேட்டிருந்தால்கூடப் போதும் என்று பிற்பாடு தோன்றியது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வாரேன் மாமா" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டாள். எக்ஸ்ரே படத்தைப் பெரிய கட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிலக்கோட்டை பஸ் ஏறினாள். சின்னாளப்பட்டி தாண்டும்வரை நின்றுகொண்டே போனாள். உட்கார இடம் கிடைத்தபோது, பையை மடியில் வைத்து, என்ன பேச வேண்டும் என்று யோசித்தாள். எதுவும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் பல வருடங்களாகவே தயாராக இருந்தது.

பெருமாள்சாமியின் வீட்டில் கூடத்தை அடைத்து ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். தட்டுகளில் பழம், வெற்றிலை, கேசரி, வடை. மாப்பிள்ளை பிரபு முழுக்கைச் சட்டையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பவித்ரா சுவரோரம் நின்று அவனைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தாள். இரண்டு பேரும் ஏற்கெனவே போனில் நிறையப் பேசியிருப்பார்கள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மகேஸ்வரிக்கும் தெரிந்தது. ஒரு நொடி நெஞ்சு இளகியது. "இந்தா வந்துட்டா எங்க அக்கா மக" என்று பெருமாள்சாமி பெருமையாகச் சொன்னபோது அது மறுபடியும் இறுகிவிட்டது.

பிரபுவின் அம்மா நேராக விஷயத்துக்கு வந்தார். "அன்னைக்குக் கடையில பிறவின்னீங்க. உங்க மாமா கீழ விழுந்ததுங்கறாருங்க. எதுங்கம்மா நெசம்?"

"மாமா என்ன சொல்றாரோ அதான் நெசம்" என்றாள் மகேஸ்வரி. "இத்தன வருசமா அவரு சொன்னதத்தான் நானும் சொல்லிக்கிட்டு வாரேன்."

"விழுந்ததுதான்" என்றார் பெருமாள்சாமி. "வரப்புல வழுக்கி விழுந்துருச்சு. சின்னப் பிள்ளையில."

"அப்ப கோயில் மண்டபத்துல எதுக்கு மாமா பிறவிக் குறைன்னு சொன்னீக? நாப்பது பேரு இருந்தாக. அத்தையும் அங்கதான் இருந்தாக."

பொன்னழகு கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "ஆமா, சொன்னீக" என்றாள் கணவனிடம், மெதுவாக. "எனக்கு ஞாபகம் இருக்கு."

 பெருமாள்சாமி மகேஸ்வரியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்தான் இருந்தது. பிறகு அதில் கெஞ்சலும் சேர்ந்தது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குப் பிறவின்னு சொல்லிப்போட்டு இன்னைக்கு விழுந்ததுன்னா, நெசம் என்னதானுங்க?" என்றார் பிரபுவின் அம்மா.

"எனக்குத் தெரியும்" என்றாள் மகேஸ்வரி. "ஆனா சொல்ல மாட்டேன்னு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். ஆறு வயசுல குடுத்தது. அவரு விட்டாத்தான் நான் சொல்ல முடியும். இல்லைன்னா அவரே சொல்லணும்."

பவித்ரா சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். "அப்பா, யாருக்குப்பா?"

பெருமாள்சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "நாந்தான். சின்ன வயசு. விளையாட்டுக்கு முறுக்குனேன்."

இந்த நிமிடத்தை அவள் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். அவர் அழுவார், காலில் விழுவார், அம்மா எங்கிருந்தோ கேட்டுக்கொண்டிருப்பாள். இங்கே ஒரு வயதானவர் துண்டுக்குள் முனகிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பசி அடங்கவில்லை.

"துண்ட எடுத்துட்டுச் சொல்லுங்க மாமா. அத்தைக்குக் கேக்கல. விளையாட்டுக்கு இல்ல, எதுக்குன்னும் சொல்லுங்க."

அவர் துண்டை எடுத்தார். மோட்டார் ரூமைச் சொன்னார், சினிமாவைச் சொன்னார், தாத்தாவிடம் வாங்கிய அடியைச் சொன்னார். எலும்பு ஒடிந்த சத்தம் தனக்கும் கேட்டது என்று சொன்னார். அதை அவள் எதிர்பார்க்கவில்லை. அத்தனை வருடமும் அந்தச் சத்தம் தனக்கு மட்டுமே கேட்டது என்று நினைத்திருந்தாள். அவருக்கும் கேட்டிருக்கிறது. கேட்டும் மண்டபத்தில் துண்டை உதறிப் போட்டிருக்கிறார்.  அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்காமல், பையிலிருந்து படத்தை எடுத்துப் பிரபுவின் அம்மாவிடம் கொடுத்தாள்.

"டாக்டர் சொன்னதும் இதான். வம்சத்துல ஒண்ணும் இல்ல. பவித்ராவுக்கு ஒரு குறையும் வராது. நீங்க வேற டாக்டர்கிட்டயும் காட்டிக் கேளுங்க."

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் படத்தைத் தூக்கிப் பார்த்தார். புரிந்ததோ இல்லையோ, நிறைய நேரம் பார்த்தார். பிறகு மகேஸ்வரியின் மடியில் பத்திரமாக வைத்துவிட்டு எழுந்தார். "எலும்புல குறை இல்லீங்க, அது சரிங்க" என்றார் பெருமாள்சாமியிடம். "பச்சப் புள்ள கைய ஒடிச்சுப்போட்டு, அந்தப் புள்ளயவே குறைன்னு சபையில தள்ளியிருக்கறீங்க. நாங்க வீட்டுல பேசிப்போட்டுச் சொல்றமுங்க." பிரபு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவனுடைய அப்பா தோளில் கைவைத்து அழைத்துப் போனார். கார்க் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. தட்டுகளில் ஒன்றும் குறையவில்லை.

பொன்னழகு கணவனைப் பார்க்காமல் உள்ளே போனாள். பெருமாள்சாமி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். "திருப்தியா ஆத்தா?" என்றார்.

"மண்டபத்துல எனக்கு இப்படித்தான் இருந்துச்சு மாமா" என்று சொல்லிவிட்டு மகேஸ்வரி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பஸ் நிறுத்தம் ஊருக்கு வெளியே மெயின் ரோட்டில் இருந்தது. வெயில் சரிந்திருந்தது. அவள் நிழற்குடைக்கு வந்து சேர்ந்த சிறிது நேரத்தில் பவித்ரா வந்தாள், பட்டுச்சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, மறுகையில் போனோடு, வெறுங்காலோடு. முந்தானையில் எதையோ முடிந்து வைத்திருந்தாள். கல் பெஞ்சின் மறுமுனையில், போனைப் பக்கத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"கடைக்கு அவுக அம்மா வந்தப்ப நெசத்தச் சொல்லியிருக்கலாம்ல மதினி?"

"சொல்லியிருக்கலாம்."

"எனக்கு அவரப் பிடிச்சிருந்துச்சு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

மகேஸ்வரி ரோட்டைப் பார்த்தாள். மன்னிச்சிரு என்று சொல்லலாம். அந்தப் பெண் அதற்குத்தான் வெறுங்காலோடு வந்திருக்கிறாள். ஆனால் வாயைத் திறந்தால் பொய்தான் வரும். உள்ளே எங்கே தேடினாலும் வருத்தம் அகப்படவில்லை. இந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"தெரிஞ்சுதான்" என்றாள். "ஒங்கப்பன் வாயால கேக்கணும்னு இருந்துச்சு. அதுக்கு ஒன்னத் தவிர எனக்கு வேற வழி கெடைக்கல."

பவித்ரா அழுவாள் என்று நினைத்தாள். அவள் அழவில்லை. திண்டுக்கல் பஸ் தூரத்தில் ஹாரன் அடித்தது. பவித்ரா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே நாலைந்து வடைகள் நசுங்கிக் கிடந்தன. "காலையிலருந்து பச்சத் தண்ணி குடிக்க விடல" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, ஒரு வடையைப் பிட்டு வாயில் போட்டாள். மதினிக்கு என்று அவள் நீட்டவில்லை.

பஸ் நிரம்பி வந்தது. மகேஸ்வரி உள்ளே ஏறி, பூ மூட்டைகளைத் தாண்டி, ஒரு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். பவித்ரா தலையைக் குனிந்து வேகவேகமாகத் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் பெஞ்சின் மேல் கிடந்த போன் அதிர்ந்து, கல்லில் மெல்ல நகர்ந்தது. பவித்ரா திரும்பிப் போனைப் பார்த்தாள். மென்று விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எண்ணெய் விரல்களைப் பட்டுச்சேலையிலேயே துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். பஸ் வளைவில் திரும்பியது.